மூன்றாம் நம்பர் வாளி

அந்தப் பெண் வாளியை மூடி போட்டு மூடினாள். மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். உள்ளே இருப்பது நத்தை. நத்தை எங்கே ஓடிப்போகும், நீங்களே சொல்லுங்கள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். மறைக்க ஒன்றும் இல்லாத ஆள் எதற்குக் கல் வைக்க வேண்டும்?

நீங்கள் அந்தக் காலேஜ் ஆள் இல்லையே? ஷூ போட்டிருக்கிறீர்கள், அதனால் கேட்டேன். மருந்துக் கம்பெனியா, சரி. நீங்களும் பஸ்ஸை விட்டுச் சேலத்தில்தானே இறங்குகிறீர்கள். அப்படியென்றால் சொல்லலாம். எங்கள் ஊர் ஆட்களிடம் இதைப் பேச முடியாது. ஒவ்வொருவனும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறான்.

எங்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகை என்னுடையது. ஏரிக்குக் கிழக்கே மேட்டில் ஒரு காலேஜ் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஹாஸ்டல் மட்டும் நாலு மாடி. அந்தப் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர், மற்ற தண்ணீர் எல்லாம் ஒரு சாக்கடை வழியாக ஏரிக்குள் இறங்குகிறது. போன பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், மீன் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. கட்லா, ரோகு, ஒன்று மிச்சமில்லை. காலேஜ்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? வயல்காரர்கள் போடுகிற யூரியா வாய்க்காலில் வருகிறதாம். வயல்காரர்கள் என்ன சொன்னார்கள்? நான் மீன் குஞ்சை அளவுக்கு மேல் விட்டுவிட்டேனாம். ஆக, எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அடுத்த குத்தகையைப் பெரியண்ணனுக்குத் தரக்கூடாது என்று ஊர்க் கூட்டத்திலேயே பேச்சு. பெரியண்ணன் என்பது நான்தான். எனக்கு அந்த ஏரியை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. வலையைத் தவிர எதையும் கையில் பிடித்தவன் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பெண் வந்தாள். பெனிட்டா என்று பெயர். தூத்துக்குடிப் பக்கம். யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஏரிக்கரையில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, இந்த ஏரில நத்தை உண்டா?" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், பஸ் கண்டக்டரைக்கூட.

"படிச்ச புள்ள, உனக்கு எதுக்கும்மா நத்தை?" என்றேன்.

"மீன் ஏரி பூரா சுத்தும் அண்ணாச்சி. நத்தை ஒரே இடத்துல கிடந்து பாசியத் தின்னும். அந்த இடத்துத் தண்ணி எப்படியோ, அதோட சதையும் அப்படித்தான். தண்ணிய இன்னிக்கு எடுத்தா இன்னிக்குள்ளதுதான் தெரியும். நத்தைய எடுத்தா நாலஞ்சு மாசத்துக் கதை தெரியும்."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நைட்ரஜன் என்று ஒன்று இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது, தண்ணீரிலும் இருக்கிறது. அதில் சாதாரணமானது ஒன்று, கொஞ்சம் கனமானது ஒன்று. யூரியாவைக் காற்றிலிருந்து செய்கிறார்களாம், அதனால் அதில் கனமானது கூடுதலாக இருக்காது. மனுஷன் கழித்தது அப்படி இல்லை. அது குழியிலும் சாக்கடையிலும் கிடந்து நாறும்போது லேசானது ஆவியாகப் பறந்துவிடும், கனமானது தங்கிவிடும். அதைப் பாசி உறிஞ்சும், பாசியை நத்தை தின்னும். நத்தைச் சதையைக் காயவைத்துப் பொடியாக்கி ஒரு மெஷினில் கொடுத்தால் நம்பர் வரும். நம்பர் சின்னது என்றால் யூரியா. பெரியது என்றால் கக்கூஸ். அவள் இப்படிச் சொல்லவில்லை, நாகரிகமாகத்தான் சொன்னாள்.

"அப்ப மாட்டுச் சாணி?" என்று மடக்கினேன்.

"அதுவும் நம்பர ஏத்தும் அண்ணாச்சி. உங்க பக்கம் மாடு நிறைய உண்டா?"

"எங்க வீட்டு மாட்டை வித்தே ரொம்ப நாளாச்சு. ஊர்லயும் ஒண்ணு ரெண்டுதான்."

இதை நான் ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லக்கூடாது.

அவள் தங்க இடம் தேடினாள். என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். பாசத்தினால் இல்லை. காலேஜ்காரன் அனுப்பிய ஆளாக இருந்தால் கண்ணுக்கு எதிரில் வைத்திருப்பது நல்லது. சாயங்காலம் ஆனால் ஏரிக்கரைக்குப் போய் போனில் பேசுவாள். யாரிடம் என்றால் அம்மாவிடம் என்பாள். அம்மாவிடம் ஒருத்தி தினமுமா பேசுவாள்? ஒரு நாள் புளியமரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். மீன் குழம்பில் மாங்காய் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்து பேச்சை மாற்றியிருப்பாள்.

மூன்று இடத்தில் நத்தை எடுத்தோம். வயல் வாய்க்கால் வந்து சேரும் இடம் ஒன்றாம் நம்பர். மதகு ஓரம் இரண்டு. காலேஜ் சாக்கடை விழும் இடம் மூன்று. பரிசலை நான்தான் தள்ளினேன். அவள் கையை விட்டுத் துழாவி எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மூன்று இடத்திலும் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நம்பர் நத்தை ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று வாளியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அதில் போட்டாள். ஒரு ராத்திரி கிடக்க வேண்டுமாம். வயிற்றில் இருக்கிற சேறெல்லாம் வெளியே போன பிறகுதான் சதையை எடுப்பார்களாம். அப்போதுதான் மூடி, கல், எல்லாம். அதோடு விட்டாளா? கிணற்றுத் தண்ணீர் இறைத்து நிரப்புகிற தொட்டியடியில் கை கழுவிக்கொண்டே, "உங்க தொட்டிச் சுவர்லயும் நத்தை ஒட்டிட்டிருக்கு அண்ணாச்சி. அதுலயும் நாலு எடுத்துக்கட்டுமா? கூட ஒரு நம்பர் கிடைக்கும்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஏரியில் மீன் செத்ததற்கும் என் வீட்டுக் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? "எங்க கெணறெல்லாம் வேண்டாம். வந்த வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று கையைத் துடைத்துக்கொண்டாள். உடனே சரி என்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தம்பி, எங்கள் கிணற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அப்பா காலத்துக் கிணறு. பக்கத்திலேயே கக்கூஸ் கட்டினோம், பையன் கல்யாணத்துக்கு முன்னால். குழி நல்ல ஆழம். கொத்தனார் அடியில் சிமெண்ட் போடட்டுமா என்றான், அதெல்லாம் வெட்டிச் செலவு, மண்ணே போதும் என்றேன். இன்றைக்கு வரைக்கும் அந்தக் குழி நிரம்பியதில்லை. காலேஜில் வாரா வாரம் உறிஞ்சுகிற வண்டி வந்து நிற்கிறது. எங்கள் தெருவில்கூட அவனவன் வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்கு ஒரு தடவைகூட வண்டி வந்ததில்லை. ராசியான குழி. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் தென்னை நிற்கிறது. ஒரு பிடி உரம் போட்டதில்லை, காய்ப்பைப் பார்க்க வேண்டுமே.

எங்கே விட்டேன்? வாளி. மறுநாள் காலையில் பெனிட்டா ஐஸ் பெட்டி வாங்க வாழப்பாடிக்குப் போய்விட்டாள். மத்தியானம் எங்கள் வீட்டில் நத்தைக் கறி. என் வீட்டுக்காரி பாவாயி நத்தை சமைத்தால் தெருவுக்கே மணக்கும். சின்ன வெங்காயம், மிளகு, கடைசியில் ஒரு கை தேங்காய். வயலில் பொறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன். பெனிட்டா வந்ததும் பாவாயி அவளையும் உட்கார வைத்தாள்.

"அக்கா, என்ன கறி இது? சூப்பரா இருக்கு."

"காளான்" என்றாள் பாவாயி.

எனக்குப் புரையேறிவிட்டது. சரி, வெளியூர்ப் பெண், நத்தை என்றால் சாப்பிடமாட்டாள் என்று சொல்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அப்புறம் வாளிகளைத் திறந்து, நத்தையை எல்லாம் தனித்தனி டப்பாவில் போட்டு, ஐஸில் வைத்துக் கிளம்பிப் போனாள்.

போய் நாலைந்து மாசம் பேச்சில்லை. காலேஜ்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்றே நினைத்தேன். டீக்கடையிலும் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் போன் வருகிறது.

"அண்ணாச்சி, ரிசல்ட் வந்துட்டு. ஒண்ணும் ரெண்டும் அஞ்சுக்குள்ள. மூணாம் நம்பர் பதினாலு. நல்லா தெரியுது, மனுசக் கழிவுதான். நான் பாத்ததுலயே இவ்வளவு பெரிய வித்தியாசம் இதுதான்."

டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். யூரியா என்று பேசினவன், குஞ்சு என்று பேசினவன் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு குடித்தான். வக்கீலைப் பார்த்தேன், மனு போட்டேன். இன்றைக்கு ஆபீசர் முன்னால் விசாரணை. பெனிட்டாவும் வருகிறாள். அதற்குத்தான் போகிறேன்.

இவ்வளவுதான் கதை என்றால் நான் இப்போது சந்தோஷமாகப் போக வேண்டும், இல்லையா?

பாவாயி அன்றைக்குச் சந்தோஷப்படவில்லை. நான் ரிசல்டைச் சொன்னேன், உலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் தொட்டியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்கிறாள், "அது ஏரி நத்தை இல்லீங்க."

"எது?"

"மூணாம் நம்பரு. ஏரி நத்தைய நாமதான் தின்னோம்."

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் கறிக்கு எடுக்கிற நத்தையையும் ஒரு ராத்திரி தண்ணீரில்தான் போட்டு வைப்போம், சேறு கக்குவதற்கு. அந்தப் பெண் வாளியில் போட்டதைப் பார்த்த பாவாயி, இவளுக்கு நத்தை தின்ன ஆசை, வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம். மூன்று வாளி இருக்கிறதே என்று, இருப்பதில் கொழுத்த வாளியாகப் பார்த்து எடுத்து ஆக்கிவிட்டாள். பெனிட்டா வாசலிலேயே நின்று, "அக்கா, மூணாம் நம்பர் வாளி எங்க? அதுக்காகத்தான் நான் இங்க வந்ததே" என்று கேட்டபோதுதான் இவளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. வெயில் படுதுன்னு உள்ளே வெச்சிருக்கேன், நீ கை கழுவு என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடி, தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த நத்தையை வழித்து வாளியில் போட்டு வைத்துவிட்டாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "யாரு உன்னச் சொல்லச் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? எங் கையால பொறுக்கிப் போட்டேன்."

"உங்க தம்பி மவன் அந்தக் காலேஜ்ல வாட்ச்மேன்தானே?"

"அவன் அங்கிருந்து நின்னு எத்தன வருசமாச்சு. இப்ப திருப்பூர்ல இருக்கான்."

"போன்ல பேசலாமில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் பாத்திரத்தைப் பார்த்தாள். "அது பதினாலுன்னா, நம்ம தொட்டிதானே பதினாலு" என்றாள். படிக்காதவள். நம்பரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

ஆனாலும் நான் விடவில்லை. பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "ஏம்மா, அன்னிக்கு வாளில எங்க கெணத்துத் தண்ணி ஊத்துனியே, அந்த ஒரு ராத்திரில நம்பரு மாறியிருக்குமா?"

"மாறாது அண்ணாச்சி. மூணு வாளிலயும் அதே தண்ணிதானே. ஒரு ராத்திரில சதை மாறாது. மாசக்கணக்குல அங்கேயே தின்னு வளந்திருக்கணும். ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான்."

அவளுக்கும் ஏதோ சந்தேகம். அப்புறம் கேட்கிறாள், "வீட்ல எல்லாரும் சுகந்தானே அண்ணாச்சி? பாப்பா எப்படி இருக்கு?" எதற்குப் பாப்பாவைக் கேட்கிறாள்? போனை வைத்துவிட்டேன்.

பாப்பா என் பேத்தி, பெனிட்டா எங்கள் வீட்டில் இருந்தபோது பச்சைக் குழந்தை. முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறதே, அது என் மருமகள் வெண்ணிலா. தாய்ப்பால் பற்றவில்லை, மாவுப் பால்தான். பிறந்து எட்டு மாசம் ஆகிறது, எடை ஏறவில்லை. ஓயாமல் வயிற்றுப்போக்கு. விசாரணைக்குப் போகும்போதே பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாம் என்று கூட்டிவந்தேன். பல் முளைக்கிற சமயம், வேறு ஒன்றுமில்லை. வாழப்பாடி டாக்டர் என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொந்தக் கிணறு என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். தெருக் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்கிற பிள்ளை இல்லை என்றும் சொன்னேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. வெண்ணிலா அம்மா வீட்டுக்குப் போனால் குழந்தை நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால் மறுபடியும் போகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். என்ன அர்த்தம்? அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் இருக்க விருப்பமில்லை. அம்மாக்காரி ஏதோ சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை, சொல்லாமல் இருக்கிறேன்.

பாவாயி என்ன செய்தாள் தெரியுமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாயில் வரிசையில் போய் நின்றுவிட்டாள். வீட்டில் கிணறு வைத்துக்கொண்டு. எதிர் வீட்டுக்காரி, "என்னக்கா, கெணறு வத்திப்போச்சா?" என்று கேட்டிருக்கிறாள். நான் போய்க் குடத்தை வாங்கி அங்கேயே கவிழ்த்துவிட்டேன். பெரியண்ணன் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை என்று காலேஜ்காரன் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஏன் என்று கேட்பான். கேட்டால் ஒவ்வொன்றாக அவிழும். "விசாரணை முடியட்டும்" என்றேன். "முடிஞ்சா?" என்றாள். "முடிஞ்சா பாக்கலாம்" என்றேன்.

நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்? மறுபடியும் நத்தை எடுக்கலாமே என்றுதானே? ஏரியில் தண்ணீர் ஏது? வெடித்துக் கிடக்கிறது. அந்தச் சாக்கடை வாயையும் காலேஜ்காரன் காங்கிரீட் போட்டு அடைத்துவிட்டான். தப்பு செய்யாதவன் எதற்கு அடைக்கிறான்? பதினாலோ பன்னிரண்டோ, அவனுடைய நத்தையும் அப்படித்தான் இருந்திருக்கும். அது தின்ற தீனி எனக்குத் தெரியாதா? நம்பர் பார்க்க முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்காக அவன் யோக்கியன் ஆகிவிடுவானா?

நான் பொய் சொல்லப் போவதில்லை தம்பி. வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் வரும் என்றார். மூன்று இடத்திலும் நத்தை எடுக்கும்போது நீங்கள் கூட இருந்தீர்களா? இருந்தேன். உங்கள் கண் முன்னால்தான் எடுத்தாளா? என் கண் முன்னால்தான். இதில் எந்த வார்த்தை பொய்? வாளியைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. பெனிட்டா கேட்டால்? அவள் எப்படிக் கேட்பாள், தின்றவர்களில் அவளும் ஒருத்தி. அதுவும் அவளுக்குத் தெரியாது.

பாவாயி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன். அவளை நம்ப முடியாது. ஆபீசர் என்னம்மா என்று அன்பாகக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

இருங்கள், மருமகள் எழுந்து வருகிறது. பஸ் போகிற வேகத்துக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு.

"மாமா, பாப்பா அழுவுது. பால் கரைக்கணும். வீட்டுத் தண்ணி உங்க பையிலதான் இருக்குது."

"கம்பியப் புடிச்சுக்கம்மா. இரு, எடுக்கறேன்."

தம்பி, உங்கள் பக்கத்தில் இருக்கிற அந்தத் தண்ணீர் பாட்டில், கடையில் வாங்கியதுதானே? சீல் உடைக்கவில்லையே? கொஞ்சம் கொடுங்கள். எங்களுடையது பையில் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சேலத்தில் இறங்கினதும் வேறு வாங்கித் தந்துவிடுகிறேன்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? கிணறு. ஒரு நாள் வந்து பாருங்கள், அடியில் கிடக்கிற கல் தெரியும், அவ்வளவு தெளிவு. இந்தப் பால் பாட்டிலை நான் பிடித்துக்கொள்கிறேன், பஸ் ஆடுகிறது, நீங்கள் ஊற்றுங்கள். இன்னும் கொஞ்சம். அந்தக் கோடு வரைக்கும்.